அடுப்பு எரியாத யாபேஸ்

— ஒரு அப்பம் கேட்டதுக்கா இவ்வளவு யோசனை, தாயி?

— யோசனை இல்லண்ணே. அடுப்பு விரிசல் விட்டுப்போச்சு.

— பக்கத்து வீட்லயும் அதையேதான் சொன்னாங்க.

— அவ அடுப்பும்தான்...

— எதிர்வீட்ல மாவுல வண்டாம். கடைசி வீட்ல எல்லாருக்கும் வயித்துவலியாம். இந்த யாபேஸ் ஊருக்கு என்னதான் வந்துச்சு?

— நீங்க உப்பு விக்க வந்தீங்களா, வம்பு விசாரிக்க வந்தீங்களா?

— சரி சரி, கோவிச்சுக்காத. பெத்சான் பட்டணத்துல ஒரே களேபரம், கேள்விப்பட்டியா? போர்ல செத்த நம்ம சவுல் ராஜா உடம்பை எதிரி பெலிஸ்தர் மதில்ல ஆணியடிச்சு மாட்டியிருந்தாங்கல்ல, அதைக் காணோமாம். எந்த ஊர்க்காரன் தூக்கினான்னு தேடுறாங்க.

— நரி இழுத்திருக்கும்.

— அவ்வளவு உசரத்துலயா?

— ஏணி போட்டு ஏறியிருக்கும்!

— நல்ல நரி! போகட்டும்... அந்த ஆளும் பைத்தியம்தானே. பெத்த மகன் மேலயே ஈட்டி எறிஞ்சாராமே.

— வாய மூடுங்க!

— ஊரே சொல்லுது...

— சொல்லட்டும். என் மூஞ்சியப் பாருங்க. எத்தனை கண்ணு இருக்கு?

— ரெண்டு.

— அம்மோனியர் ராஜா எங்க ஊரை வளைச்சு நின்னான். ஆளுக்கொரு வலது கண்ணைத் தோண்டிக்கிட்டுத்தான் உசுரோட விடுவேன்னான். நான் அப்ப கல்யாணப் பொண்ணு. எங்க பேருகூடத் தெரியாது சவுலுக்கு... படையோட வந்து மீட்டார். பின்னால அவருக்குப் புத்தி கலங்கியிருக்கலாம். எம் புள்ளைங்க முகத்தை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்து வளத்தேனே! அந்த நன்றி செத்தாலும் போகாது.

— அப்ப... தூக்கினது உங்காளுங்கதான்.

— ஐயோ, என் பாழாப்போன வாய்... அண்ணே, பெலிஸ்தர்கிட்ட சொல்லிராதீங்க. என் வீட்டுக்காரரைக் கொன்னுபோடுவாங்க.

— பயப்படாத. இந்த மூட்டையைப் பிரி.

— உப்புதானே... என்னது, பூரா அப்பம்! இத்தனையை வச்சுக்கிட்டா கையேந்தினீங்க?

— வழியில ஊர் ஊரா கேட்டேன். எல்லாரும் குடுத்தாங்க. அவருக்காகத் துக்கம் காத்து, அடுப்பு மூட்டாமப் பட்டினி கிடக்குற ஊர் எதுவோ, அங்கதான் அவரைப் பொதைச்சிருப்பாங்கன்னு...

— ஒண்ணுகூடக் கடிக்கலியே நீங்க! யாருண்ணே நீங்க?

— ராஜாவோட சொந்த ஊர் கிபியாவுல, அவர் வீட்டு மாட்டுக்காரன். உங்க ஊர்ச் சேதி கேட்டதும், ஏர்லேருந்து வந்த மாட்டு ஜோடியை அங்கயே வெட்டி, சண்டைக்கு வராதவன் மாட்டுக்கும் இதே கதின்னு தேசம் பூரா துண்டு அனுப்பித்தான் படை சேத்தார். நான் கன்னுலேருந்து வளத்த ஜோடி, தாயி... அன்னிக்கு அவரைத் திட்டித் திட்டி அழுதேன். இன்னிக்கு உன் கண்ணைப் பாத்துட்டேன். அவர் எங்க இருக்கார்னு காட்டு, ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போறேன்.