நாலாவது கேண்டிடேட்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் படவேடு பஸ் கிளம்புவதாக இல்லை. ஒட்டுக்கேட்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்தான். ஆனால் முன் சீட்டில் லேப்டாப் பையோடு இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம், "வேணும்னேதான்டி தப்பு வச்சேன்" என்றதும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"எதுல?" என்றாள் தோழி.

"ரிலீஸ் கேண்டிடேட்ல. சாஃப்ட்வேர வெளிய விடறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு வாட்டி செக் பண்ணுங்கன்னு டீமுக்கு அனுப்புவோம். மூணு தபா அனுப்பினேன். அனுப்பின அஞ்சாவது நிமிஷமே எல்லாரும் ஓகேன்றாங்க. நான் இங்க வீட்ல ஒண்டியா ஒக்காந்து பண்ணிகினு இருக்கேன், தொறந்தாவது பாக்கறாங்களான்னு டவுட் வந்துடுச்சு."

"அதனால?"

"நாலாவதுல, செஞ்சவங்க பேரு வர்ற பக்கத்துல என் பேர மட்டும் எடுத்துட்டு அனுப்பினேன்."

"யார்னா கேட்டாங்களா?"

"ஆறு பேரும் ஓகேன்னாங்க. ஒருத்தர் சூப்பர்னு வேற போட்டிருந்தார்."

பஸ் ஒருமுறை உறுமிவிட்டு மறுபடி அடங்கியது.

"நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"நானே சொல்லிட்டா அப்புறம் இன்னா இருக்குது? அதுக்கே ஃபைனல்னு டேக் போட்டு வெளிய விட்டுட்டேன்."

"லூசு, இப்பவாவது அதுல பேர சேத்துடு."

"டேக் போட்டா போட்டதுதான்டி. அப்புறம் அந்த வெர்ஷன்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ரூல போட்டதே நான்தான்."