பிரதர் சேவியரின் வரி

பஸ்ஸில் மற்றவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் சமைக்கிற அம்மா ஒரு துறவியின் ஜெபத்தில் குறை கண்டுபிடித்தால் எப்படிக் கேட்காமல் இருப்பது? குருபோங் நிறுத்தத்தில் இருவரும் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருவர் சிலுவை அணிந்த வயதான கத்தோலிக்க பிரதர். மற்றவர் அவர்கள் மடத்தில் சமைக்கிற அம்மா; நெற்றியில் குங்குமம், மடியில் கஞ்சித் தூக்கு.

“பிரதர், இன்னைக்குக் காலைல நீங்க பாதி ஜெபம்தான் சொன்னீங்க. ஒரு வரி சொல்றீங்க, அப்புறம் சும்மா இருக்கீங்க. மறந்து போச்சா?”

“இல்ல கமலா. திருப்பாடல்ல ஒரு வரி எனக்கு, அடுத்த வரி பிரதர் சேவியருக்கு. எத்தனையோ வருசமா அப்படித்தானே சொல்றோம்.”

“அவருக்குத்தான் ஸ்ட்ரோக் வந்து பேச்சே இல்லையே. அவரு வரியையும் நீங்களே சொல்லிற வேண்டியதுதானே?”

“நேத்து வார்டுல அப்படித்தான் லா சொன்னேன். என் கையைக் கிள்ளிட்டாரு.”

அந்த அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு பிரதரைத் திரும்பிப் பார்த்தார்.

“அவருக்கு ஒண்ணும் புரியாதுன்னுல்ல டாக்டர் சொன்னாரு?”

“ஆமா, சொன்னாரு.”

செங் ஊர் சிக்னலில் பஸ் நின்றது.

“வலிச்சுதா பிரதர்?”

“நல்லா வலிச்சுது.”

“அப்ப இன்னைக்கு அவரு வரி வந்தா வாயைத் திறக்காதீங்க.”

“திறக்காம இருப்பேனா? இன்னைக்கும் வேணும்னே சொல்லத்தான் போறேன்,” என்ற பிரதர், ஆஸ்பத்திரி வருவதற்குள் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டுக்கொண்டார்.