கொட்டகைக் கம்ப்யூட்டரின் பெயரில்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை ஐயா. கடையிலிருந்து வந்தபோது இருந்த எழுத்தும் எண்ணுமாகவே கிடக்கிறது. நீங்கள் திறந்தபோது கண்ணில் பட்டது, தப்பாக நினைக்க வேண்டாம். சிலர் செருப்பைப் பார்த்து ஆளை எடை போடுவார்கள். நான் இதைப் பார்ப்பேன். என்ன பிழைப்பு பாருங்கள்.

நான் படித்து வந்தவன் இல்லை. இப்போது வேலை பார்க்கிற குழாய்க் கிடங்கிலேயே தோளில் இரும்பு சுமந்தவன். முதுகு போன பிறகு, சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். சரக்கு வருவது, போவது, கிரேன் சோதனை எல்லாவற்றையும் பதிய ஒரு டேட்டாபேஸ் புரோகிராம் செய்தேன். செய்தேன் என்றால், இன்டர்நெட்டில் யார் யாரோ போட்டு வைத்திருந்ததைப் பொறுக்கி எடுத்து ஒட்டுப் போட்டேன். கிழிசல் சட்டை தைக்கிற வேலைதான். ஆனால் நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் போக ஆரம்பித்தது.

யார் எதைப் பதிந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார் முதலாளி. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தேன். எல்லாரும் மறந்துவிட்டு என் தலையில் வந்து விழுந்தார்கள். அதனால் ஆளை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்தேன். யார் எதைப் பதிந்தாலும், புரோகிராம் தான் ஓடுகிற கம்ப்யூட்டரின் பெயரைக் கேட்டுப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளும். மெக்கானிக் உட்காருகிற இடத்திலிருந்து வந்தால் 'கொட்டகை'. வாசலிலிருந்து வந்தால் 'கேட்'. என்னுடையது 'ஆபீஸ்'. பெயரெல்லாம் நான் வைத்ததுதான். அந்த இரண்டு மூன்று வரியை நான் கொஞ்சிய கொஞ்சலில் பாதியைப் பெண்டாட்டியிடம் காட்டியிருந்தால், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாள்.

அதில் ஒரு சங்கதி உண்டு. பெயர் கேட்க இரண்டு வழி. உள்ளே போய் மெஷினையே கேட்கலாம். இல்லாவிட்டால் வாசலில் தொங்குகிற பலகையைப் படித்துவிட்டுத் திரும்பலாம். பலகை என்றால் மெஷினுக்குள்ளேயே பெயர் எழுதி வைத்திருக்கிற ஒரு இடம், யாரும் திருத்தலாம். நான் போட்டது பலகையைப் படிக்கிற வழி. எழுதச் சுருக்கமாக இருந்தது. யாராவது பலகையை மாற்றி மாட்டிவிட்டால் புரோகிராம் அதையே நம்பி எழுதும். அது எனக்குத் தெரியும். வேறு எவனுக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முதலாளி என் புரோகிராமைக் காட்டுவதாக இருந்தது. சுவரில் பெரிய திரை. சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பச்சை விழுந்தால்தான் கிரேன் டிரைவர் மேலே ஏறுவார். அதுவும் நான் கொண்டுவந்த ஒழுங்குதான். குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், எல்லாம் பச்சை, நட்டநடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. கிரேன். கம்பிக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறது, ஓட்டக்கூடாது என்று மெக்கானிக் பதிந்துவிட்டுப் புதுக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மெக்கானிக் என் தங்கையின் வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று தெரியாது.

பச்சையாக்கினேன். வந்தவர்கள் போனதும் திரும்பச் சிவப்பாக்கிவிடலாம் என்று. ஆனால் பக்கத்தில் 'ஆபீஸ்' என்று விழுமே, கிரேனுக்கும் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்களே. பலகையை மாற்றினேன். 'கொட்டகை' என்று அழகாக விழுந்தது. மாப்பிள்ளையை மாட்டிவிட வேண்டும் என்று செய்யவில்லை ஐயா. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று செய்தேன்.

அவர்கள் வந்தார்கள். நான் காட்டிக்கொண்டிருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே கிரேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. குழாய்க் கட்டுக்கு அடியில் மொட்டை நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். மொட்டை என்னோடு பாரம் சுமந்தவன். என்னைப் பார்த்தாலே, "பொட்டி டாக்டரே, என் முதுகுக்கு அந்தப் பொட்டியில மருந்து ஏதாவது இருக்கா?" என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும்.

ஆனால் அப்போதுதான் வந்தவர்களில் ஒருவர், "பேர் எப்படிங்க தானா வருது?" என்று கேட்டார். அதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கத்தலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீட்டிவிட்டேன் போலிருக்கிறது.

மொட்டையை வெளியே எடுக்க வேறு கிரேன் வரவழைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பச்சை இருந்தது, பக்கத்தில் 'கொட்டகை' இருந்தது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தங்கை என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவரு சிவப்புதான் போட்டேன்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு. நீ எழுதினதுதானே அது? எங்கயாவது தப்பா எழுதியிருக்கக் கூடாதா?"

"நான் எழுதினது தப்பாப் போகாதும்மா."

"ஒரு வார்த்தை சொல்லேன். தப்பா இருக்கலாம்னு சொன்னா உன் கிரீடமா இறங்கிடும்?"

அவள் அழுதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்படிக் கேட்டாளே என்பதுதான் வலித்தது. கூடப் பிறந்தவளுக்கே நம்பிக்கை இல்லை.

இப்போது கடைக்காரர் வந்து, அந்த நேரம் மெக்கானிக் தன் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு நிபுணரைக் கூட்டி வந்தீர்கள். அவருக்கு இன்னும் மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. நேற்று எல்லார் முன்னாலும் என் புரோகிராமைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "இது சின்னப் பசங்க வேலை சார். தானாகவே பச்சையாக்கி, தப்பான பேரையும் எழுதியிருக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பார். என்னையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அதையெல்லாம் யோசிக்காமல் வரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், தங்கைக்கு ஆறுதலாக இருக்கும்.

சிவப்பைப் பச்சையாக்கியது நான். பெயரை மாற்றியது நான். சத்தம் காதில் விழுந்தும் பேசிக்கொண்டே இருந்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நிபுணர் எழுதியதில் 'தானாகவே' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே ஐயா, அதை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள்.