வெள்ளிமலைக்கு அப்பால் கண்ட புகை

வேடியப்பன் எங்களைப் பார்த்ததும் ஏன் ஓடினார் என்று விசாரணை அதிகாரி முதல் கேள்வியாகக் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஊகம் சொல்ல விரும்பவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் உபகாரமேரி, வயது 48, கணவர் பெயர் பிலிப்பு. விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி, ஏமப்பேரில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் நைனார்பாளையம். எம்.ஃபில். வரை படித்து, தனியார் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். என் கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் மேலாளர். படம் எடுப்பதில் விருப்பமுள்ளவர். எங்கள் ஒரே மகள் ரீத்தா புனேயில் வேலைக்குச் சேர இருந்ததால், அதற்கு முன் மூவரும் ஒரு நாள் கல்வராயன் மலைக்குப் போய்வருவதென்று முடிவானது. பெரிய சாலையில் போனால் பேருந்தின் பின்பக்கம்தான் படத்தில் விழும் என்று கணவர் சொன்னதால், வழியை நான் திட்டமிட்டேன். வடக்கனந்தல் வழியாகக் கோமுகி அணை, பிறகு மலை ஏற்றம், வெள்ளிமலைக்கு அப்பால் சிற்றூர்களுக்கு இடையே போகும் மண்பாதைகள், கடைசியில் மேகம் அருவி என்று வரைபடத்தில் குறித்தேன். படம் எடுக்க நிற்க வேண்டிய இடங்களையும் நான்தான் குறித்தேன். புகை தெரிந்த இடம் அவற்றில் இல்லை.

அதன் பிறகு, அந்தப் பாதைகளில் கார் போகாது என்பதால், தெய்வசிகாமணி என்பவரிடம் ஜீப் வாடகைக்குப் பேசினோம். வெள்ளை ஜீப். வார நாட்களில் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ஓடும் வண்டி. 2011 நவம்பர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஓட்டுநர் சின்னதுரை அதைக் கொண்டுவந்தபோது முன் கண்ணாடியில் ‘அரசுப் பணி’ என்ற பலகை இருந்தது. அதை எடுத்துவிடும்படி நான் சொன்னேன். சின்னதுரை, “இருக்கட்டும்மா. இது இருந்தா செக்போஸ்ட்ல எவனும் இன்னா ஏதுன்னு கேக்கமாட்டான். நீங்க பாட்டுக்கு போட்டா புடிச்சிக்கினு வரலாம்” என்றார். என் கணவர் சிரித்து, “இன்னிக்கு ஒரு நாளாச்சும் நான் ஆபீசரா இருந்துட்டுப் போறேன்” என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சோதனைச் சாவடியில் எங்களை யாரும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு அணைக்கரையிலும் ஒரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று படம் எடுத்தோம். மழை தூறி ஓய்ந்திருந்தது. வெள்ளிமலையைக் கடந்து மண்பாதையில் போகும்போது, இடப்பக்கம் கீழே ஓடைக்கரையிலிருந்து புகை எழுந்து பனிமூட்டத்தோடு கலப்பதைக் கண்டு கணவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். அன்று அவர் அணிந்திருந்தது காக்கி நிறக் கால்சட்டை. கேமராவின் முக்காலியை நீளமான கறுப்பு உறையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தார். இறங்கி, பாதையோரத்தில் நின்று, ஒரு கையை உயர்த்தி, அப்படியே இருக்கும்படி கீழே சைகை காட்டினார். நெருப்பருகே ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்து ஜீப்பைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். பிறகு ஓடினார். சின்னதுரை, “காச்சறவன் சார். நம்மள மதுவிலக்கு போலீசுன்னு நெனச்சிக்கினான். ஓடறத பாரு!” என்று சிரித்தார். ஓடையின் மறுகரைப் பாறையில் ஏறியவர் பாசியில் வழுக்கி அப்பால் இருந்த பள்ளத்தில் விழுந்தார். விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் சின்னதுரை சிரிப்பை நிறுத்தினார்.

அதன் பிறகு நாங்கள் எல்லோரும் கீழே இறங்கினோம். மூன்று கல் கூட்டிய அடுப்பின் மேல் ஓர் அலுமினியக் குண்டானில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இலையில் உப்பும் மிளகாயும் இருந்தன. ஊறல் பானையோ குழாயோ கேனோ அங்கே இல்லை. சாராய வாடை இல்லை. சற்றுத் தள்ளி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரீத்தா போட்ட சத்தம் கேட்டு, மேலே இருந்த கொல்லையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். அவர் வேடியப்பனின் மனைவி செவ்வந்தி என்று பின்னர் அறிந்தேன். ஜீப்பிலிருந்த தார்ப்பாயை எடுத்துவந்து, அதில் வேடியப்பனைக் கிடத்தி மேலே தூக்கிவந்தோம். தலையிலும் காதிலும் ரத்தம் இருந்தது. வண்டியில் என் கணவர், “ஏம்மா ஓடினாரு அவரு?” என்று கேட்டதற்குச் செவ்வந்தி, “ஜீப்பு நின்னா ஓடறதுதாங்க. யாரு இன்னான்னு பாத்துக்கினா நிப்பாங்க?” என்றார். இது பொதுவாகச் சொன்ன பதில். வேடியப்பன் மனத்தில் இருந்தது இதுதானா என்று என்னால் உறுதி கூற இயலாது.

அதன் பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். வராந்தாவில் சின்னதுரை என்னிடம், “யம்மா, சாராய வாட அடிச்சிச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது. அந்தப் பலகைக்கு எம்மேலதான் கேசு வரும்” என்றார். வாடை வரவில்லை என்றேன். “உங்களுக்கு அந்த வாட தெரியாதும்மா” என்றார். “தெரியாதுன்னா, அடிச்சிச்சின்னு மட்டும் எப்படிச் சொல்றது?” என்று கேட்டேன். என் கணவர், “மேரி, கிளாஸ் எடுக்காத. நாம இன்னா புடிச்சித் தள்ளியா வுட்டோம்? வாடைன்னு சொன்னா ஓடினதுக்குக் காரணம் ஆயிடும். செத்துகித்துப் போய்ட்டா நாமதான் கோர்ட்டுக்கு அலையணும்” என்றார். ரீத்தா, “கெழங்க நானும் பாத்தம்பா” என்றாள். அவர் கேமராவில் இருந்த படத்தை எங்களுக்குக் காட்டினார். படத்தில் புகை இருக்கிறது. அது எதன் புகை என்று படத்தில் இல்லை.

வேடியப்பன் தாமே ஒப்புக்கொண்டதாக என் கணவரும் சின்னதுரையும் தங்கள் வாக்குமூலங்களில் சொல்லியிருப்பதாக அதிகாரி தெரிவித்தார். அது நடந்த விதம் பின்வருமாறு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகாமல் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். சின்னதுரையும் வந்திருந்தார். வேடியப்பன் கண் விழித்திருந்தார். கட்டிலருகே நின்ற என் கணவரைப் பார்த்ததும், அசைக்க முடிந்த ஒரு கையை நெற்றிவரை தூக்கி, “காச்சினது நான்தாங்க சாமி. இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. இவள வுட்ருங்க” என்றார். “நாங்க அதிகாரிங்க இல்லீங்க. படம் எடுக்க வந்தவங்க” என்று நான் சொன்னேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வந்தி வேடியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு, “இன்னாத்தய்யா காச்சின? கெழங்குதான வேவ வெச்சிக்கினு இருந்த? சொல்லேன்யா” என்றார். வேடியப்பன் அவரைப் பார்க்கவில்லை. என் கணவரையே பார்த்து, சொன்னதையே திரும்பச் சொன்னார். பிற்பகலில் இறந்துபோனார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் ஒரு முறை படித்தேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. இதில் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு எதுவும் இல்லை.

(ஒப்பம்) பி. உபகாரமேரி