பூட்டியபடி பெயர்த்த கதவு

இரவு பதினொன்றரை மணி. கடைசிப் பேருந்து அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து அவள் அக்கா வீட்டுக்கு ஒரே நேர் சாலை... இரண்டு பக்கமும் பாதியில் நிறுத்திய கட்டடங்கள். ஜன்னல் வைக்காத ஓட்டைகள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்தச் சாலையில் என் தோழி தன்னந்தனியாக ஓட்டமும் நடையுமாகப் போகிறாள்.

அந்த நேரத்தில் எதற்குப் போனாள் என்றா கேட்கிறாய்? அதைத்தானே சொல்ல வருகிறேன், அவசரக்குடுக்கை. போர்வையை உன் பக்கமே இழுக்காதே, எல்லோருக்கும் விடு. நடுவில் யாராவது எழுந்து போனால் மறுபடி முதலிலிருந்து சொல்ல மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா போனில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். "வாடி." அவ்வளவுதான். வாய் ஓயாமல் பேசுகிற அக்கா அவள். அதனால்தான் இவள் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஓடினாள்.

அக்கா, அவள் வீட்டுக்காரர், நாலு வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வாலு. அவ்வளவு சேட்டை. இரண்டாவது குழந்தை அக்கா வயிற்றில் இருந்தது. வீடோ பழைய வீடு, படுக்க ஒரே அறை. கூடத்துக்குப் பின்னால் இன்னொரு அறை உண்டு, ஆனால் அது பூட்டிக் கிடந்தது. சாவி இல்லை. "எங்களுக்குத் தெரிஞ்சு அது பூட்டியேதாங்க இருக்கு" என்று விற்றவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அத்தான் பின்பக்க ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். வெறும் அறை. ஒரு துரும்புகூட இல்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டால் கூடமும் அறையும் சேர்ந்து பெரிதாகிவிடும், குழந்தைகள் ஓடி விளையாடலாம் என்று கணக்குப் போட்டார்.

வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி கேட்டார், "சார், பூட்டைத் திறந்துட்டு நிலையை எடுக்கலாமா?"

தச்சர்தான் மறுத்தார். "பூட்டினபடியே இருக்கட்டும். உள்ள கதவு இறுகி நின்னா நிலை கோணாது. நல்ல மரம், மாடி கட்டும்போது அப்படியே தூக்கி வச்சிக்கலாம்."

"அதானே. சுவரே போகப் போகுது, கதவை எதுக்குத் திறக்கணும்?" என்றார் அத்தான்.

எவ்வளவு நியாயமான பேச்சு, பார்த்தீர்களா? எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். மூன்று பேரில் ஒருத்தர் முட்டாளாக இருந்திருந்தால்கூட மனசு ஆறும்.

நிலையைச் சுற்றிக் கொத்தினார்கள். பூட்டிய கதவோடு அப்படியே பெயர்த்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் காம்பவுண்டு சுவரில் நன்றாகச் சாய்த்து வைத்தார்கள். மேலே ஒரு தார்ப்பாய். சாயங்காலத்துக்குள் நடுச்சுவர் தரைமட்டம்.

அன்று இரவு அக்காவுக்குப் புரண்டு படுக்க முடியவில்லை. நிறைமாதம். கண்ணை மூடிக் கிடந்தவளுக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டொக்... டொக் டொக்.

அவசரமே இல்லாத தட்டு. விருந்தாளி தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி... டொக்... டொக் டொக்.

அத்தானை எழுப்பினாள். "வெயில்ல காஞ்ச மரம், ராத்திரி குளிருக்குச் சுருங்குது. தூங்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வாலு சொன்னாள், "அம்மா, வெளிய இருக்குற கதவுக்குள்ள யாரோ நிக்கிறாங்க. பாவம்."

மறுநாள் இரவும் தட்டு. அதற்கு அடுத்த இரவும். அத்தானுக்கும் கேட்டுவிட்டது. விடிந்ததும் ஒரு சாவிக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவர் பூட்டைக் குடைந்து ஒரு சாவி செய்து திருப்பினார். இழுத்ததும் கதவு திறந்தது.

காம்பவுண்டு சுவர். பாசி, ஒரு எறும்பு வரிசை. வேறு ஒன்றும் இல்லை.

"உங்க சுவரை யாரும் தூக்கிட்டுப் போயிடாம பூட்டி வச்சிருக்காங்க போல!" என்றார் சாவிக்காரர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வெட்டவெளியில், பட்டப்பகலில், நெடுநாள் மூடிக் கிடந்த அறையின் வாடை... ஈரச் சுண்ணாம்பும் மக்கிய துணியுமாக. அவளைத் தாண்டி வீட்டுப் பக்கம் போய், அடங்கிவிட்டது.

சாய்த்து வைத்த கதவு என்பதால் திறந்தால் தன் பாரத்திலேயே மூடிக்கொள்ளும். அதனால் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே விட்டார்கள். அன்று இரவு தட்டு இல்லை. அப்பாடா என்று எல்லோரும் தூங்கினார்கள்.

மறுநாள் சாயங்காலம் வாலு அப்பாவைக் கண்ணாமூச்சிக்கு இழுத்தாள். அவர் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். அப்பா இல்லையா, விரலிடுக்கில் பார்த்துவிட்டார். மஞ்சள் கவுனின் ஓரம் அந்தக் கதவுக்குள் நுழைந்து, நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் மறைந்தது. செங்கல் சரிந்தது. கதவு மெதுவாக மூடிக்கொண்டது. க்ளிக்.

அவர் பதறவில்லை. ஏன் பதற வேண்டும்? பக்கவாட்டில்தான் இரண்டு புறமும் திறப்பு இருக்கிறதே. "வாலு எங்க... தண்ணித் தொட்டியிலயா? மணல் குவியல்லயா?" என்று வேண்டுமென்றே சுற்றிச் சுற்றித் தேடினார். உள்ளேயிருந்து ஒரு களுக். அப்புறம் பக்கவாட்டில் குனிந்து, "பிடிச்சிட்டேன்!" என்றார்.

சந்து காலியாக இருந்தது.

அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கிருந்தும் சந்துக்குள் இந்தக் கோடி வரை தெரிந்தது. யாரும் இல்லை. அப்போது கதவில்... கீழே, அவர் இடுப்புக்கும் கீழே...

டொக்டொக்டொக்டொக்.

"அப்பா, போதும். இங்க இருட்டா இருக்கு. திறங்கப்பா."

சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. திறந்தார். பாசி பிடித்த சுவர். கதவு கைநழுவி மூடியது. உடனே உள்ளிருந்து தட்டு. திறந்தார், சுவர். மூடினார், தட்டு. ஐயோ... அந்த மனுஷன் எத்தனை தடவை திறந்து மூடினாரோ. கடைசியில் வெறி பிடித்துக் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். அக்கா நிறைவயிற்றோடு ஓடிவந்து கதவின் மேல் விழுந்தாள்.

"உடைக்காதீங்க! அவ வர்றதுக்கு இருக்குறது இது ஒண்ணுதான்!"

என் தோழி அந்தச் சாலையைத் தாண்டி வீட்டுப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது, அக்கா அந்தக் கதவைக் கட்டிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தூங்க வைக்கிற கதை. உள்ளேயிருந்து "ம்... ம்..." என்று கேட்டதாம். இவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன சத்தியம் வேண்டும் உங்களுக்கு?

போலீஸ் வந்தது. கிணறு, குட்டை, பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் தேடினார்கள். கதவு தட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் இருக்கும்போது அது தட்டவும் இல்லை. அந்த வாரமே பையன் பிறந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கா பிடிவாதம் பிடித்தாள், கதவு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயே வைக்க வேண்டும் என்று. மேஸ்திரி அழுதுகொண்டே வேலை செய்தார். இடித்த செங்கலையெல்லாம் பொறுக்கிவந்து, அதே கோட்டில் நடுச்சுவரை எழுப்பி, நிலையை நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தான் திறந்தார். அதே பழைய அறை, வெறும் தரை, ஜன்னல். மூடினார்.

டொக்டொக்டொக்.

வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொல்லாதவர்கள் இல்லை. எப்படிப் போவாள், சொல்லுங்கள்? பெற்ற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டா? அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் குரல் நின்றுபோனது. தட்டு மட்டும் நிற்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் என் தோழி போயிருந்தாள். அக்கா நன்றாகத்தான் பேசினாளாம், பழைய அக்கா மாதிரியே, ஓயாமல். சாயங்காலம் தட்டு கேட்டது. டொக்... டொக் டொக். முன்பு போல் அவசரம் இல்லை, அழுகை இல்லை. ஆனால் சத்தம் இடுப்புக்குக் கீழே இல்லை. அக்கா எழுந்து போய், தட்டு வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"போன வருஷம் இதுக்கு நாலு விரல் கீழ கேட்டுச்சு. இப்பப் பாரு, என் தோளுக்கு வந்துட்டா" என்றாள். முகத்தில் பெருமை. பெருமைதான், வேறு எதுவும் இல்லை என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் பையை ஒரு மூலையில் வீசினான். நேராக அந்தக் கதவிடம் போய், குதிகால் ஒட்ட, முதுகு ஒட்ட, தலை ஒட்ட நிமிர்ந்து நின்றான்.

"அக்கா, இன்னைக்கு யாரு உசரம்?" என்று கதவிடம் கேட்டான்.

 அப்புறம், அவன் உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே... டொக்.