எடைக் கொட்டகையின் இடிதாங்கி

எர்த் குழிக்குக் கல்லுப்புதான் நல்லது. பொடியுப்பு போட்டால் முதல் மழையிலேயே கரைந்து ஓடிவிடும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், காலையில் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, ஒரு ஆள் செத்ததற்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான். நல்ல மனிதர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் சொல்கிற தொழில் சமாச்சாரம் அவருடைய மலையாளத்துக்குள் அடங்கவில்லை, பாதியை விட்டுவிட்டார். வேலையை அரைகுறையாக எழுதிவைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால், ஐயா, தாள் வாங்கி நானே தமிழில் எழுதித் தருகிறேன்.

என் பெயர் அழகுமலை. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள தேயிலை எஸ்டேட்டில் பதினெட்டு வருடமாக எலக்ட்ரீசியன். ஃபாக்டரி மோட்டார், துரை பங்களா, கங்காணி வீடுகளின் விளக்கு, எல்லாம் என் பொறுப்பு. கரண்டு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தொடு என்றால் தொடுவார்கள், தொடாதே என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். துரையே அப்படித்தான்.

இறந்துபோனவர் மொக்கையன், கொழுந்துக் கங்காணி. போன ஐப்பசியில், எழுபத்தாறாம் வருடம், எடைக் கொட்டகையில் இடி விழுந்து செத்தார் என்று உங்கள் ஸ்டேஷனிலேயே எழுதி முடித்துவிட்டீர்கள். இடி விழுந்தது உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

அதற்கு என் மகளிலிருந்து தொடங்க வேண்டும். பெயர் முத்துப்பேச்சி. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் மனைவி சின்னத்தாயி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். சமைத்துப் போட்டு, தலை பின்னிவிட்டு, நான்தான் வளர்த்தேன். எனக்குப் பின்னத் தெரியாது; மூன்று வயர்களை முறுக்குவதுபோல முறுக்கிவிடுவேன். அவள் அப்படியே பள்ளிக்கூடம் போவாள். பத்தொன்பது வயதில் கொழுந்து கிள்ளப் போனாள். போடியில் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தோம், தையில் கல்யாணம்.

எழுபத்துநான்கு ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேகம் இறங்கியது. எங்கள் மலையில் ஐப்பசி இடி மத்தியானத்துக்கு மேல்தான் வரும், சொல்லிவைத்த மாதிரி வரும். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கொட்டகைக்குள் ஒதுங்கப் போனார்கள். மொக்கையன் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. கூச்சல் போட்டு விரட்டினார். பெண்கள் சிதறி ஓடினார்கள். பேச்சி, தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சில்வர் மரத்தடியில் போய் நின்றாள். அந்த மரத்தில்தான் விழுந்தது.

இடி விழுந்த ஆளைத் தொட்டால் தொட்டவருக்கும் பாயும் என்று எங்கள் தொழிலாளர் லயங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. தப்பான நம்பிக்கை. இடி வந்த வேகத்திலேயே மண்ணுக்குள் போய்விடும். உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. உடனே குப்புறப் போட்டு முதுகை அமுக்கி மூச்சை வரவைத்தால் பலர் பிழைப்பார்கள். அதற்கான படம் எங்கள் இன்ஜின் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு நாற்பது பெண்கள் சுற்றி நின்று அழுதார்களே தவிர, ஒருத்தி கை வைக்கவில்லை. ஆள் ஓடிவந்து சொல்லி, நான் ஃபாக்டரியிலிருந்து ஏறிப் போக இருபது நிமிடம் ஆகிவிட்டது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் அமுக்கினேன். பின்னலில் ஒரு முடிகூடக் கலையவில்லை, ஐயா. அன்றைக்குக் காலையில் அவளே பின்னியிருந்தாள்.

மொக்கையன் என் பக்கத்தில் மண்டிபோட்டுக்கொண்டு, "அண்ணே... அண்ணே..." என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகையின் இடிதாங்கி வேலையை நான் முடித்தது அந்த மார்கழியில். எப்படிச் செய்தேன் என்பதை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குற்றம் அதற்குள்தான் இருக்கிறது.

கூரை உச்சியில் நாலடி உயரச் செப்புக் கம்பி, நுனி கூராக. அதிலிருந்து தரைக்கு இறங்கும் செப்புப் பட்டை ஒரு அங்குல அகலம், அரைக்கால் அங்குலக் கனம். பட்டையைப் பிடிக்கப் பித்தளைக் கவ்வி, பித்தளைத் திருகு. இரும்புத் திருகு போடக்கூடாது. செம்பும் இரும்பும் சேர்ந்து ஈரம் பட்டால் இரும்பு அரித்துப்போகும். பட்டையைச் சட்டென்று மடக்கக்கூடாது, மெதுவாக வளைக்கவேண்டும். இடிக்கு அவசரம் அதிகம், வளைவில் அது பட்டையை விட்டு வெளியே குதிக்கும். பக்கத்தில் இரும்புச் சாமான் இருக்கக்கூடாது. கீழே எட்டடிக் குழி, இரண்டடிச் சதுரச் செப்புத் தகடு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கரியும் கல்லுப்பும். கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய். எல்லாம் முடிந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் மண்ணின் தடை பத்து ஓமுக்குக் கீழே காட்டவேண்டும்.

எனக்கு நாலு காட்டியது. தை பிறந்ததும் சோதனைக்கு வந்த ஆபீசர் பார்த்துவிட்டு, இந்த மலையில் இப்படி ஒரு எர்த் பார்த்ததில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது பேச்சிக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரம்.

அவர் போன மூன்றாம் நாள், பட்டை மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் ஓரடி தோண்டினேன். அங்கே ஒரு இணைப்பு உண்டு, இரண்டு போல்ட். கழற்றி, பட்டையை ஒரு சாண் விலக்கி, நடுவில் காய்ந்த சரளையை நிரப்பி மூடினேன். மேலே பார்த்தால் எல்லாம் கோயில் மணிபோலப் பளபளவென்று இருந்தது. வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, தரைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. அப்படி ஒரு இடிதாங்கி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

பட்டையை நான் இறக்கியிருந்தது வாசல் தூணில். முறைப்படி பின்பக்கச் சுவரில் இறக்கியிருக்கவேண்டும். ஆபீசரிடம் தூரம் குறைவு என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். மொக்கையனின் இரும்பு மேசை அந்தத் தூணை ஒட்டித்தான் கிடக்கும். அவர் செருப்புப் போடமாட்டார். நிறுக்கும்போது ஒரு கை எப்போதும் தூணில் இருக்கும்.

அவரிடம் போய்ச் சொன்னேன்: "இனிமே இதவிடப் பத்திரமான எடம் இந்த எஸ்டேட்லயே கெடையாது. எப்பேர்ப்பட்ட இடி வந்தாலும் இந்தத் தூணை விட்டு நகராத."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னாச் சரிதாண்ணே," என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சித்திரையில் ஐந்து தடவை இடித்தது, ஐப்பசியில் பதினொன்று, மறு வருடச் சித்திரையிலும் இடித்தது. ஒவ்வொரு தடவையும் கொட்டகைக்குள் முப்பது, நாற்பது பெண்கள் நின்றார்கள். பேச்சியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்கூட அதில் உண்டு. நான் ஃபாக்டரி வாசலில் நின்று மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை குறைந்தால் இடி நெருங்குகிறது என்று அர்த்தம். பெண்கள் இருக்கிறார்களே என்று யோசிக்கவில்லையா என்று ரைட்டர் கேட்டார். யோசித்தேன். கொட்டகையைத் தேர்ந்தெடுக்கவேண்டியது வானம், நான் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் அப்போது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போன ஐப்பசியில் விழுந்தது. கொழுந்து முடிச்சுகளோடு பெண்கள் மேட்டில் ஏறிவந்துகொண்டிருந்தார்கள். மொக்கையன் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி, "ஓடியாங்கடி, உள்ள ஓடியாங்க! மரத்தடிக்குப் போகாதீக!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாராம். முன்னால் வந்தவளுக்கும் வாசலுக்கும் இருபதடி இருந்தபோது கூரையில் இறங்கியது. வேறு யாருக்கும் காயமில்லை.

அன்றைக்கு நான் போய்ச்சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேட்டுக்குப் பாதி வழியில்தான் நின்றிருந்தேன். எல்லாரும் எட்டி நின்றார்கள். மொக்கையன் மல்லாந்து கிடந்தார். வலது கையில் இரண்டு விரல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, அசையுது பாருங்க. தொடலாமாண்ணே?" என்று கேட்டாள்.

"தொடாதீக," என்றேன். "இன்னும் கரண்டு நிக்கிது."

ஒருத்தரும் தொடவில்லை. விரல்கள் நின்றபிறகு நானே போய்த் தூக்கினேன். அவரைக் கொண்டுபோனதும், மண்ணைத் தோண்டி அந்த இரண்டு போல்டையும் பழையபடி முடுக்கினேன். அதனால்தான் ஆபீசர் மறுபடி வந்து பார்த்தபோது நாலு ஓம் காட்டியது. இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது.

பிறகு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். மொக்கையனின் சம்சாரம் குருவம்மாள் நேற்று காலையில் என்னைத் தேடி வந்தாள். சாவு வீட்டில் நான் கூடமாட நின்றதற்கு நன்றி சொல்லத்தான் வந்தாள். தின்பண்டம் ஏதோ சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். பொட்டலத்தை என் முன்னால் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, அவுக உங்ககிட்ட ஒரு விசயத்தச் சொல்லாமலே போயிட்டாக. பேச்சி செத்த அன்னைக்கி கொட்டாயில ஆள விடாம வெரட்டுனது அவுகளா வெரட்டலண்ணே. நீங்கதான் அதுக்கு முந்துன வாரம், மேல கம்பி ஏத்தியாச்சு, கீழ இன்னும் எர்த் குடுக்கல, நான் முடிக்கிற வரைக்கும் இடி இடிச்சா ஒரு ஈ காக்காய உள்ள விடாதன்னு சொல்லிட்டுப் போனீகளாம். அண்ணனுக்கு அந்தத் துக்கத்துல அது மறந்துபோச்சு, நாம ஞாபகப்படுத்துனா மனுசன் உசுர விட்டுருவாரு, பழி என் மேலயே கெடக்கட்டும்னு சொல்லுவாக. ரெண்டு வருசமா ராத்திரி தூங்கலண்ணே அவுக."

அவள் சொன்னதில் ஒரு தப்புத்தான் இருக்கிறது, ஐயா. எனக்கு மறந்துபோகவில்லை.

கரி வந்திருந்தது. கல்லுப்பு மூட்டை வந்திருந்தது. குழி தோண்ட இரண்டு நாள் போதும். பேச்சிக்குச் சேலை எடுக்கப் போடிக்கு இறங்கியவன், சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, சினிமா என்று ஒரு வாரம் தங்கிவிட்டேன். திரும்பி வந்த மறுநாளும் அலுப்பாக இருக்கிறது, நாளைக்குத் தொடங்கலாம் என்று விட்டேன். அன்றைக்குத்தான் இடித்தது. மேலே கம்பியை நட்டுவிட்டுக் கீழே குழி தோண்டாமல் போனவன் நான். உள்ளே விடாதே என்று சொன்னவன் நான். என் பேச்சை அப்படியே கேட்டதுதான் மொக்கையன் செய்தது. மரத்தடியில் என் பிள்ளையைப் புரட்டிப் போட்டபோதே எனக்கு இதெல்லாம் தெரியும். அவர் "அண்ணே, அண்ணே" என்றபோது, அடுத்த வார்த்தை வந்துவிடுமோ என்றுதான் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மகளுக்காகச் செய்தேன் என்று ரைட்டர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். உள்ளே விடாதே என்ற வார்த்தையை என் வாயிலிருந்து கேட்ட ஆள் உலகத்தில் மொக்கையன் ஒருத்தர்தான். அதனால்தான் செய்தேன்.

குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று, "அண்ணே, ஊட்டுல சுவிச்சத் தொட்டா சுர்ருன்னு அடிக்கிது. பிள்ளைக பயப்படுதுக. ஒரு எட்டு வந்து பாக்குறீகளா?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வர்றேன்," என்று சொன்னேன்.

ராத்திரி முழுக்க அந்த வீட்டு வயர் எங்கெங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் பையில் ஸ்பானரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் வீட்டு வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான், ஐயா, நேராக இங்கே வந்தேன். பையை ரைட்டரிடம் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து வேறு யாரையாவது அனுப்பி அவள் சுவிட்சைச் சரிபண்ணச் சொல்லுங்கள். என்னை வெளியே விடாதீர்கள்.