ஒரே செடி, இரண்டு வீடு

எண்பதுகளின் நடுவில், டேனிஷ் நகரமான ஹேர்னிங்கின் பஸ்ஸில் தமிழ் கேட்பதே அபூர்வம். அதனால் காதைக் கொடுத்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில், அகல இலைச் செடியொன்று வேரும் மண்ணுமாகப் பையில் இருந்தது.

"எங்கடை பாதியை வறை வறுத்துச் சாப்பிட்டிட்டம், அக்கா," என்றாள் இளையவள்.

"விசரே உனக்கு? இது ஹொஸ்டா, அழகுக்கு வைக்கிற செடி. கறி வைக்கவே அந்த டேனிஷ் மனுசி கிர்ஸ்தன் தன்ரை தோட்டத்திலை கிண்டி, மண்வெட்டியாலை பிளந்து, ஆளுக்குப் பாதி தந்தவ?"

"கீரையெண்டு நினைச்சன். தேங்காய்ப்பூ போட நல்லாத்தான் இருந்தது."

"இண்டைக்கு அவ வந்து செடி எங்கையெண்டு கேட்டால்?"

"அதுக்குத்தானே உங்கடையைக் கேட்டனான். இப்ப போய் எங்கடை முற்றத்திலை நட்டுவிடுவம். அவ கோப்பி குடிச்சு, பார்த்து முடியக் கிண்டி உங்கடை வீட்டை கொண்டுவாறன்."

"அவ அடுத்ததா எங்கடை வீட்டையெல்லோ வாறா!"

"ஓம். அவ வரமுதல் நட்டிடலாம்."

மூத்தவர் இலைகளைப் பைக்குள் அமுக்கினார்.

"அவவுக்கு எங்கடை வீடு தெரியுமே?"

"தெரியாது. நான்தான் அவவையும் இந்த பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வரவேணும்."